கேட்டயான்–பை கணக்கில் எண் பொருந்தவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

பென்சீன் வளையத்தின் முகத்துக்கு நேர் மேலே ஒரு சோடியம் அயனி. மொத்தம் 13 அணுக்கள். கணினி வேதியியலில் இதைவிடச் சின்னக் கணக்கு இருக்காது என்று தோன்றும். ஆனால் கேட்டயான்–பை இடைவினையில், அதாவது நேர்மின் அயனிக்கும் வளையத்தின் பை எலக்ட்ரான் மேகத்துக்கும் இடையிலான ஈர்ப்பில், புதிதாக இறங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இந்தச் சின்னக் கணக்கில்தான். எண் பொருந்தவில்லை என்றதும் ஃபங்ஷனலை (எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைத் தரும் தோராயச் சூத்திரம்) மாற்றுகிறார்கள், அப்புறம் பேசிஸ் செட்டை (ஆர்பிட்டால்களைக் கட்டப் பயன்படும் சார்புகளின் தொகுப்பு) மாற்றுகிறார்கள். ஏதோ ஒரு சேர்க்கையில் எதிர்பார்த்த எண் வந்துவிடுகிறது, அதோடு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையான பிழை உள்ளேயே இருந்து அடுத்த மூலக்கூறில் வேறு உருவத்தில் தலைகாட்டும்.

நான் பார்த்தவரை இந்தக் கணக்குகளில் பெரும்பாலான பிழைகள் மூன்று இடங்களில்தான் இருக்கின்றன: மின்சுமை எந்தத் துண்டில் இருக்கிறது, எந்த எலக்ட்ரான்கள் கணக்கில் சேர்ந்தன, எதிலிருந்து எதைக் கழித்தோம். இவை மூன்றும் சரி என்று உறுதியான பிறகுதான் முறையைச் சந்தேகிக்க வேண்டும். கீழே உள்ளதும் அந்த வரிசையில்தான் போகிறது.

ஆரம்பிக்கும் முன் ஓர் அளவுகோல் கையில் இருக்கட்டும். வாயு நிலையில் பென்சீனோடு அயனிகளின் பிணைப்பு ஆற்றல், மோலுக்குக் கிலோகலோரியில், சோதனை அளவீடுகளின்படி ஏறத்தாழ இப்படி: லித்தியம் 38, சோடியம் 22, பொட்டாசியம் 17.5 முதல் 19 வரை, ருபிடியம் 16, சீசியம் 15. அம்மோனியம் 19, டெட்ராமெத்தில் அம்மோனியம் 9. வளையத்தின் மையத்திலிருந்து அயனி நிற்கும் தூரம் லித்தியத்துக்கு 1.9 ஆங்ஸ்ட்ராம், சோடியத்துக்கு 2.4, பொட்டாசியத்துக்கு 2.8 அல்லது 2.9 அருகே. உங்கள் ஆய்வு எந்தப் பெரிய மூலக்கூறைப் பற்றியதாக இருந்தாலும் சரி, அதே முறையில், அதே அமைப்புகளோடு சோடியம்–பென்சீனை முதலில் ஓட்டிப் பாருங்கள். அது தேறவில்லை என்றால் பெரியது தேறியதாகத் தோன்றுவதில் அர்த்தம் இல்லை. இனி வரும் ஆற்றல் எண்கள் எல்லாம் மோலுக்குக் கிலோகலோரி.

கணக்கு தொடங்கவே மறுக்கிறது: மின்சுமையும் மல்டிப்ளிசிட்டியும் பொருந்தவில்லை என்கிறது

இது வந்தால் நல்லது, நிரல் உங்களைக் காப்பாற்றிவிட்டது. பென்சீனில் 42 எலக்ட்ரான், சோடியம் அயனியில் 10, ஆக 52. மொத்த மின்சுமையை 0 என்று விட்டிருந்தால் 53 ஆகிவிடும். ஒற்றைப்படை எண்ணிக்கையை சிங்லெட்டாக, அதாவது எல்லா எலக்ட்ரான்களும் இணைசேர்ந்த மல்டிப்ளிசிட்டி 1 நிலையாக, ஓட்ட முடியாது. இந்த இடத்தில் சிலர் மல்டிப்ளிசிட்டியை 2 ஆக்கி ஓட்டிவிடுகிறார்கள். பிழைச் செய்தி போய்விடும், ஆனால் நீங்கள் இப்போது கணக்கிடுவது அயனியை அல்ல, நடுநிலை சோடியம் அணுவை. பிணைப்பு ஆற்றல் ஒன்றிரண்டுக்குள் சுருங்கிப்போய், தூரமும் நீண்டிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. மின்சுமையை 1, மல்டிப்ளிசிட்டியை 1 ஆக்குங்கள்.

பிணைப்பு ஆற்றல் −117 போல அசாத்தியமாக வருகிறது

சோடியம்–பென்சீனுக்கு −22 அருகே வரவேண்டியது −115, −120 என்று வந்தால் பதற வேண்டாம். அந்த எண்ணே நோயைச் சொல்லிவிடும். சோடியத்தின் அயனியாக்கும் ஆற்றல் 5.14 எலக்ட்ரான்வோல்ட், பென்சீனுடையது 9.24. வித்தியாசம் 4.10, அதாவது கிட்டத்தட்ட 95 கிலோகலோரி. உங்கள் எண் எதிர்பார்த்ததைவிட சுமார் 95 கூடுதலாக இருந்தால், துண்டுகளைத் தனித்தனியே கணக்கிடும்போது நேர்மின் சுமை சோடியத்துக்குப் பதில் பென்சீனுக்குப் போய்விட்டது என்று பொருள். நடுநிலை சோடியம், அயனியான பென்சீன் என்ற தவறான அடிமட்டத்திலிருந்து கழித்திருக்கிறீர்கள்.

கவுண்டர்பாய்ஸ் திருத்தத்தை (ஒரு துண்டு மற்றதன் பேசிஸ் சார்புகளைக் கடன் வாங்குவதால் வரும் பிழையை நீக்குவது) நிரலே தானாகச் செய்யும் இன்புட்டில் இது எளிதாக நேரும். அங்கே முதலில் மொத்த மின்சுமை, அடுத்து முதல் துண்டு, அடுத்து இரண்டாம் துண்டு என்று வரிசையாக எழுதுகிறோம். அணுக்களில் பென்சீனை முதல் துண்டாகக் குறித்துவிட்டு, மின்சுமையில் சோடியத்தை முதலில் நினைத்து எழுதினால் ஆயிற்று. அவுட்புட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் நிரல் அச்சிடும் எலக்ட்ரான் எண்ணிக்கையைத் தேடிப் பாருங்கள்: பென்சீன் 42, சோடியம் 10. இதைத் தவிர வேறு எது இருந்தாலும் தவறு.

மற்ற அயனிகளுக்கும் இதே உத்திதான். அயனியாக்கும் ஆற்றல்களின் வித்தியாசத்தை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பொட்டாசியத்துக்கு அது 4.9 எலக்ட்ரான்வோல்ட், 113 கிலோகலோரி.

அயனி வளையத்தை விட்டுப் பறந்து போகிறது, அல்லது ஓரத்திலேயே நிற்கிறது

மூலக்கூறை வரையும் மென்பொருளில் சோடியத்தை வளையத்துக்குப் பக்கத்தில், அதே தளத்தில் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பென்சீனின் முகம் எதிர்மின் தன்மையுள்ளது, ஹைட்ரஜன்கள் இருக்கும் விளிம்பு நேர்மின் தன்மையுள்ளது. தளத்தில் நிற்கும் அயனிக்கு ஈர்ப்பு மிகச் சொற்பம். அதைவிட முக்கியம், தளத்திலேயே துல்லியமாக வைத்துவிட்டால் மேலே இழுக்கும் விசை சரியாகப் பூஜ்ஜியம். சமச்சீர் அதை அங்கேயே கட்டிப்போட்டுவிடும். ஆப்டிமைசேஷன் (ஆற்றல் குறையும் திசையில் அமைப்பைத் திருத்திக்கொண்டே போவது) எத்தனை படி போனாலும் அயனி வளையத்தின் மேலே ஏறாது. தொடக்க அமைப்பை நீங்களே கட்டுங்கள்: மையத்துக்கு நேர் மேலே, மேலே சொன்ன தூரத்தில், பக்கவாட்டில் 0.1 அல்லது 0.2 ஆங்ஸ்ட்ராம் தள்ளி. நல்ல குழியாக இருந்தால் தானாகவே மையத்துக்கு வந்துவிடும்.

சரியான இடத்தில் வைத்தும் தாண்டித் தாண்டிக் குதிக்கிறது என்றால் ஆயத்தொலைவுகளைப் பாருங்கள். அயனிக்கு வழக்கமான வேதிப்பிணைப்பு எதுவும் கிடையாது. நிரல் தானாக உருவாக்கும் உள் ஆயங்கள் அதை ஏதோ ஒரு கார்பனோடு மட்டும் கட்டிவிடுவதுண்டு. கார்ட்டீசியன் ஆயத்தில் ஓட்டுங்கள், அல்லது வளைய மையத்தில் ஒரு டம்மி அணுவை வையுங்கள்.

நீர்க் கரைப்பானைத் தனி மூலக்கூறுகளாக வைக்காமல் தொடர் ஊடகமாகச் சேர்த்து ஆப்டிமைஸ் செய்யும்போது சோடியம் விலகிப் போனால் அது பிழையாக இல்லாமலும் இருக்கலாம். அதைப் பின்னால் பார்ப்போம்.

அயனி வளையத்தின் மேல் நிற்காமல் நழுவி வேறு அணுவிடம் போய்விடுகிறது

பிரிடினில் நைட்ரஜனின் தனி இணை, ஃபீனாலிலும் அனிசோலிலும் ஆக்சிஜன், அனிலினில் அமினோ நைட்ரஜன். சோடியத்துக்கும் லித்தியத்துக்கும் இவை வளையத்தின் முகத்தோடு போட்டி போடும் இடங்கள், பிரிடினில் நைட்ரஜனே வெல்லும். வரிசையாகப் பத்து மூலக்கூறுகளை ஓட்டிவிட்டு ஆற்றலை மட்டும் அட்டவணை போட்டால், இப்படி நழுவிய ஒன்று பட்டியலில் உட்கார்ந்துகொண்டு எல்லாப் போக்கையும் குழப்பிவிடும். ஒவ்வொரு முடிவிலும் அயனிக்கும் வளைய மையத்துக்கும் உள்ள தூரத்தையும், செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதையும் ஒரு சின்ன ஸ்கிரிப்டில் எடுத்துப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். இண்டோலில் இரண்டு முகங்கள் இருப்பதையும் மறக்க வேண்டாம்; அயனி விரும்புவது ஆறு அணு வளையத்தை.

அம்மோனியம் அயனியில் இதைவிடத் தந்திரமான ஒன்று நடக்கும். ஆற்றல் திடீரென்று மிக நன்றாக வரும், அமைப்பைத் திறந்து பார்த்தால் அம்மோனியத்தின் ஒரு ஹைட்ரஜன் வளையத்துக்குத் தாவியிருக்கும். காரணம் புரோட்டான் நாட்டம். வாயு நிலையில் அம்மோனியாவுக்கு அது 204, பென்சீனுக்கு 179, ஃபீனாலுக்கு 195. இவற்றோடு அம்மோனியம் பத்திரமாக இருக்கும். அனிலினுக்கு 211, இண்டோலுக்கு 223. இவற்றின் அருகே அம்மோனியம் தன் புரோட்டானைக் கொடுத்துவிட்டால் வாயு நிலையில் ஆற்றல் குறையவே செய்யும். உங்கள் கணக்கு உண்மையைத்தான் சொல்கிறது, ஆனால் நீங்கள் கேட்க நினைத்த கேள்விக்கு அது பதில் இல்லை. டிரிப்டோஃபன் சார்ந்த மாதிரிக்கு டெட்ராமெத்தில் அம்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மோனியமேதான் வேண்டும் என்றால் நைட்ரஜன்–ஹைட்ரஜன் நீளங்களைப் பிடித்து வைத்து ஓட்டுங்கள், பிடித்து வைத்தோம் என்பதையும் எழுதுங்கள்.

எண் நியாயமாகத்தான் இருக்கிறது, ஆனால் கட்டுரையில் உள்ளதோடு ஐந்தாறு கிலோகலோரி ஒத்துவரவில்லை

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். இந்த அறிகுறிதான் ஆட்களை அதிகம் தவறான பாதைக்கு இழுக்கிறது.

முதலில் கேளுங்கள்: எந்தக் கட்டுரை, எந்த ஆண்டு? 1990களின் கட்டுரைகளில் சோடியம்–பென்சீனுக்கு 28 என்ற சோதனை எண் பரவலாக வரும். அதே காலத்தில் எலக்ட்ரான் ஒட்டுறவைச் சேர்க்காத ஹார்ட்ரி–ஃபாக் முறையில், 6-31ஜி** என்ற சிறிய பேசிஸ் செட்டில் கணக்கிட்டால் 27 கிடைத்தது. இரண்டும் அழகாகப் பொருந்தின. பிறகு 2000-ஆம் ஆண்டில் அமிகாஞ்சலோவும் ஆர்மென்ட்ரவுட்டும் அயனிக்கற்றையைச் செனானோடு மோதவிட்டு, உடையும் ஆற்றலை அளந்து, 22 என்றார்கள். உயர்மட்டக் கணக்குகளும் 22-க்கும் 25-க்கும் இடையில்தான் நிற்கின்றன. ஆக, நல்ல முறையில் ஓட்டி 23 கிடைத்த ஒருவர் 28-ஐத் துரத்திக்கொண்டு பேசிஸ் செட்டைச் சிறிதாக்கிக்கொண்டே போனால், கடைசியில் அவருக்கு 27 கிடைக்கும், திருப்தியும் கிடைக்கும். கைக்குக் கிடைத்த எண்ணோடு பொருந்துவது மட்டும் சரியான முறைக்குச் சான்று ஆகாது என்பதற்கு இந்தத் துறையில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அடுத்தது, நீங்கள் ஒப்பிடுவது ஒரே அளவைத்தானா? கணினி முதலில் தருவது மின்னணு ஆற்றல் வித்தியாசம். சோதனை தருவது 0 கெல்வினிலோ 298 கெல்வினிலோ உள்ள என்தால்பி. இடையில் பூஜ்ஜியநிலை அதிர்வு ஆற்றல் இருக்கிறது. சோடியம்–பென்சீனில் அது பிணைப்பை ஒன்றிரண்டு கிலோகலோரி குறைக்கும். கிப்ஸ் ஆற்றலோடு ஒப்பிட்டுவிட்டால் வித்தியாசம் இன்னும் பெரிது. இரண்டு துண்டுகள் ஒன்றாவதால் என்ட்ரோப்பி குறைகிறது, அறை வெப்பநிலையில் அதன் விலை சுமார் 7. பொருந்தாத ஐந்தாறு கிலோகலோரி பல நேரம் இங்கேயே கிடைத்துவிடும்.

இடைவினை ஆற்றலையும் பிணைப்பு ஆற்றலையும் கலக்காதீர்கள். முன்னதில் பென்சீன் கூட்டமைப்பில் உள்ள வடிவத்திலேயே உறைந்திருக்கும். பின்னதில் தனியாக விட்டு மறுபடி ஆப்டிமைஸ் செய்யப்பட்டிருக்கும். பென்சீனுக்கு இந்த வித்தியாசம் ஒன்றுக்குள் அடங்கும். நெகிழ்வான பக்கச் சங்கிலி உள்ள மூலக்கூறுகளில் அடங்காது.

கடைசியாக, பேசிஸ் செட் மேற்பொருந்தல் பிழை. பாய்ஸும் பெர்னார்டியும் 1970-இல் தந்த கவுண்டர்பாய்ஸ் திருத்தத்தைச் செய்து பாருங்கள். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: திருத்திய பிறகு பிணைப்பு பலவீனமாகத்தான் ஆக வேண்டும். அடுத்த துண்டின் கோஸ்ட் அணுக்களில் (அணுக்கருவும் எலக்ட்ரானும் இன்றிச் சார்புகள் மட்டும் உள்ள இடங்கள்) உள்ள சார்புகள் கிடைத்தால் ஒரு துண்டின் ஆற்றல் இறங்குமே தவிர ஏறாது. திருத்தத்துக்குப் பின் பிணைப்பு இறுகியிருந்தால் கோஸ்ட் அணுக்கள் தவறான இடத்தில் இருக்கின்றன, அல்லது அவற்றின் அணுக்கரு மின்சுமை நீக்கப்படவில்லை. சின்ன பேசிஸ் செட்டில் திருத்தம் சில கிலோகலோரி வரும், பெரியதில் ஒன்றுக்குக் கீழே போகும். மூன்று ஸீட்டா அளவுள்ள பெரிய பேசிஸ் செட்டிலும் அது பெரிதாகவே இருந்தால் நேராக அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

எம்பி2, கப்பிள்ட் கிளஸ்டர் முறைகளில் அயனி எதுவும் பேசாதது போல இருக்கிறது. அல்லது சாப்ட் பகுப்பில் டிஸ்பெர்ஷன் பூஜ்ஜியம்

என்னைக் கேட்டால் இந்தத் துறையில் மிக அதிகம் கவனிக்கப்படாமல் போகும் பிழை இதுதான். பிழைச் செய்தி எதுவும் வராது, எண்ணும் பார்க்க ஒழுங்காக இருக்கும். (சாப்ட் என்பது இடைவினை ஆற்றலை நிலைமின், தூண்டல், டிஸ்பெர்ஷன் எனப் பகுதிகளாகப் பிரிக்கும் முறை; டிஸ்பெர்ஷன் என்பது எலக்ட்ரான் மேகங்களின் கணநேர அசைவுகளால் வரும் ஈர்ப்பு.)

எலக்ட்ரான் ஒட்டுறவை, அதாவது எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதைக் கணக்கிடும் எம்பி2 போன்ற முறைகளில் உள் எலக்ட்ரான்களை உறையவிடுவது வழக்கம். கார்பனில் 1எஸ் உறையும். சோடியத்துக்கு எது உள்? நடுநிலை அணுவை மனதில் வைத்தால் 3எஸ்-இல் உள்ள ஒற்றை எலக்ட்ரான்தான் வெளி, மற்ற பத்தும் உள். ஆனால் அயனியில் அந்த 3எஸ் எலக்ட்ரானே கிடையாது! நிரல் நடுநிலை அணுவின் விதியையே பின்பற்றினால் சோடியத்தின் பத்து எலக்ட்ரான்களும் உறைந்துவிடும். அயனியின் பங்கு ஹார்ட்ரி–ஃபாக் மட்டத்தோடு முடிந்துவிடும்.

கண்டுபிடிப்பது எளிது, எண்ணினால் போதும். பென்சீனில் ஆறு கார்பன்களின் 1எஸ் போக மீதி 30 எலக்ட்ரான். சோடியத்தின் 2எஸ், 2பி சேர்ந்தால் 38. பொட்டாசியத்தின் 3எஸ், 3பி சேர்ந்தாலும் 38. லித்தியத்தின் 1எஸ் சேர்ந்தால் 32. உங்கள் அவுட்புட்டில் ஒட்டுறவில் பங்குபெறும் எலக்ட்ரான்கள் 30 என்று இருந்தால் அயனி வெளியே நிற்கிறது. எந்த நிரலில் எது இயல்பு அமைப்பு என்பது பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது, அதனால் கையேட்டை நம்புவதைவிட அவுட்புட்டில் எண்ணுவது நல்லது.

சரி, உறைவை நீக்கிவிட்டால் முடிந்ததா? இல்லை. வழக்கமான ஒட்டுறவு பேசிஸ் செட்டுகள் வெளி எலக்ட்ரான்களுக்காகச் செய்யப்பட்டவை. சிசி-பிவிடிஇசட் (cc-pVTZ) வைத்துக்கொண்டு சோடியத்தின் 2எஸ், 2பி-ஐத் திறந்துவிட்டால் அந்த எலக்ட்ரான்களுக்கு வேண்டிய சார்புகள் சோடியத்தில் இருக்காது. அவை பென்சீனின் சார்புகளிலிருந்து கடன் வாங்கும், மேற்பொருந்தல் பிழை பெருகும். முந்தைய பகுதியின் கடைசியில் சொன்ன பெரிய திருத்தம் பல நேரம் இதன் விளைவுதான். உலோகத்துக்கு மட்டும் சிசி-பிசிவிடிஇசட் அல்லது சிசி-பிடபிள்யூசிவிடிஇசட், கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் ஆக்-சிசி-பிவிடிஇசட். இந்தச் சேர்க்கை எனக்கு நம்பிக்கையானது.

பொட்டாசியத்தில் இன்னொரு பொறி. உறையவேண்டிய ஆர்பிட்டால்களை நிரல் எண்ணிக்கையால் மட்டும், கீழிருந்து மேலாகத் தேர்ந்தெடுக்கலாம். பொட்டாசியத்தின் 3பி ஆற்றல் கார்பனின் 2எஸ் சார்ந்த ஆர்பிட்டால்களுக்கு மிக அருகில் கிடக்கிறது. எண்ணிக்கையை ஒன்றிரண்டு தவறாகக் கொடுத்தால் பொட்டாசியத்துடையதை உறையவைப்பதாக நினைத்து வளையத்துடையதை உறையவைத்துவிடுவோம். பொட்டாசியம், ருபிடியம், சீசியத்துக்கு மட்டும் ஆற்றல் தாறுமாறாகக் குதித்தால் ஆர்பிட்டால் பட்டியலை அச்சிட்டு, உறைந்தவை எந்த அணுவைச் சேர்ந்தவை என்று கண்ணால் பாருங்கள். டெஃப்2 பேசிஸ் செட் குடும்பத்தில் ருபிடியத்திலிருந்து உள் எலக்ட்ரான்களுக்குப் பதில் போலி மின்னழுத்தம் வந்துவிடுகிறது. அங்கே உறையவேண்டியது கார்பனின் 1எஸ் ஆறு மட்டுமே.

டெட்ராமெத்தில் அம்மோனியம் ஒட்டவே மாட்டேன் என்கிறது

சோடியத்துக்கு நன்றாக வந்த பி3எல்ஒய்பி ஃபங்ஷனல் இங்கே 9-க்கு மிகக் கீழே தந்தால் ஆச்சரியம் இல்லை. சோடியத்தின் பிணைப்பில் பெரும்பகுதி நிலைமின் ஈர்ப்பும், அயனி வளையத்தின் எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுப்பதால் வரும் தூண்டல் ஈர்ப்பும். டெட்ராமெத்தில் அம்மோனியத்தில் மின்சுமை மெத்தில்களில் பரவி, நைட்ரஜன் வளையத்திலிருந்து 4 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் தள்ளி நிற்கிறது. அங்கே டிஸ்பெர்ஷன் ஈர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு, வெறும் பி3எல்ஒய்பி-யில் அது கிடையாது. டிஸ்பெர்ஷன் திருத்தத்தைச் சேருங்கள். முறையை மாற்றுவது நியாயமாகும் இடம் இது.

டிஸ்பெர்ஷன் திருத்தம் சேர்த்ததும் சோடியம், பொட்டாசியம் அதிகமாக ஒட்டுகின்றன

மேலே சொன்ன மருந்தின் பக்கவிளைவு. கிரிம்மேயின் டி3 திருத்தம் (2010) அணுவின் வகையையும் அதைச் சுற்றி எத்தனை அணுக்கள் என்பதையும் வைத்து குணகத்தைத் தேர்ந்தெடுக்கிறது. மின்சுமை அதற்குத் தெரியாது. நடுநிலை சோடியம் அணுவின் முனைவாகும் தன்மை 24 கன ஆங்ஸ்ட்ராம். அயனியுடையது 0.15. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! நடுநிலை அணுவின் குணகம் அயனிக்குப் போய்விட்டால் இல்லாத டிஸ்பெர்ஷன் சேரும்.

அதே அமைப்பில் திருத்தத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என ஒற்றைப்புள்ளிக் கணக்கு ஓட்டி வித்தியாசத்தைப் பாருங்கள். சோடியத்துக்கு அது சில கிலோகலோரி என்று வந்தால் நம்பாதீர்கள். பகுதி மின்சுமையைக் கணக்கில் எடுக்கும் டி4-க்கு மாறுவது நல்ல வழி. ஒரே அட்டவணையில் சோடியத்தையும் டெட்ராமெத்தில் அம்மோனியத்தையும் ஒப்பிடுபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், இரண்டிலும் பிழை எதிரெதிர்த் திசையில் போகும்.

சின்னக் கற்பனை அதிர்வெண் ஒன்று போகவே மாட்டேன் என்கிறது

20, 30 அலையெண் அளவில், அயனி வளையத்துக்கு இணையாக நழுவும் அசைவாகவோ மெத்தில் சுழற்சியாகவோ இருந்தால், பெரும்பாலும் தொகையீட்டு கிரிட் கரடுமுரடாக இருப்பதுதான் காரணம். 99 ஆரப்புள்ளி, 590 கோணப்புள்ளி அளவுக்கு உயர்த்தி, ஆப்டிமைசேஷன் வரம்பையும் இறுக்கி மறுபடி ஓட்டுங்கள். நூறைத் தாண்டிய கற்பனை அதிர்வெண் என்றால் அது உண்மையான சேணப்புள்ளி (ஒரு திசையில் மேடு, மற்றவற்றில் பள்ளம்). அந்த அசைவின் திசையில் கொஞ்சம் தள்ளிவிட்டு, சமச்சீரை அணைத்து, மீண்டும் ஆப்டிமைஸ் செய்யுங்கள்.

மெக்னீசியம் அயனியை மெல்ல விலக்கி ஸ்கேன் செய்தால் வளைகோடு நடுவில் முறிகிறது

இரட்டை மின்சுமை அயனிகளில் இது அடிக்கடி வரும். எஸ்சிஎஃப் (ஆர்பிட்டால்களைத் திரும்பத் திரும்பத் திருத்தும் சுழற்சி) குவியவில்லை என்று நினைத்து அமைப்புகளோடு போராட வேண்டாம். இதில் இயற்பியல் இருக்கிறது. மெக்னீசியத்தின் இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல் 15.04 எலக்ட்ரான்வோல்ட், பென்சீனுடையது 9.24. ஆகவே தொலைவில் பிரிந்து நிற்கும்போது இரட்டை அயனியும் நடுநிலை பென்சீனும் இருப்பதைவிட, ஆளுக்கு ஒரு நேர்மின் சுமையோடு இருப்பது 5.8 எலக்ட்ரான்வோல்ட் தாழ்ந்த நிலை. அருகில் இருக்கும்போது இரட்டை அயனியின் ஈர்ப்பு வெல்கிறது. சில ஆங்ஸ்ட்ராம் விலகியதும் மற்ற நிலை கீழே வந்துவிடுகிறது. இரண்டு வளைகோடுகள் வெட்டும் இடத்தில்தான் உங்கள் ஸ்கேன் முறிகிறது.

சமநிலைத் தூரத்தில் பிணைப்பு ஆற்றல் மட்டும் போதும் என்றால் துண்டுகளைத் தனித்தனியே கணக்கிட்டுக் கழியுங்கள், ஸ்கேனே வேண்டாம். வளைகோடு முழுதும் வேண்டுமென்றால் ஒற்றை டிடர்மினன்ட் முறை அந்தப் பகுதிக்குப் போதாது. லித்தியம், சோடியம், பொட்டாசியத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அவற்றின் அயனியாக்கும் ஆற்றல் பென்சீனுடையதைவிடக் குறைவு, மின்சுமை எந்தத் தூரத்திலும் உலோகத்திடமே இருக்கும். அங்கேயும் ஸ்கேன் முறிந்தால் அது வேறு பிழை, தொடக்க ஆர்பிட்டால் யூகத்தைப் பாருங்கள்.

பதிலீடு செய்த வளையங்களில் போக்கு புரியவில்லை

ஃபுளூரின் கூடக்கூடப் பிணைப்பு குறைய வேண்டும், சரி. 1,3,5-ட்ரைஃபுளூரோபென்சீனின் நான்முனைத் திருப்புத்திறன் கிட்டத்தட்டப் பூஜ்ஜியம், அதனால் சோடியம் ஒட்டவே கூடாது என்று எதிர்பார்த்துவிட்டு, கணக்கு நல்ல பிணைப்பைக் காட்டும்போது பலர் பிழை தேடுகிறார்கள். பிழை இல்லை. பழைய ஹார்ட்ரி–ஃபாக் கணக்கிலேயே பென்சீனுக்கு 27 இருந்த இடத்தில் இதற்கு 12 மீதி இருந்தது. அந்த மீதிக்குப் பெரிய காரணம் தூண்டல் ஈர்ப்பு. திருப்புத்திறன் மறைந்தாலும் வளையத்தின் எலக்ட்ரான்கள் நகரும்.

போக்கை விளக்க வளையக் கார்பன்களின் முல்லிக்கன் மின்சுமையை (எலக்ட்ரான்களை அணுக்களுக்குப் பங்கிட்டு எடுக்கும் எண்) எடுத்து வைக்காதீர்கள். வீலரும் ஹவுக்கும் 2009-இல் காட்டியதுபோல, பதிலீட்டின் விளைவில் பெரும்பகுதி அந்தப் பதிலீடே அயனியோடு வெளிவழியாக நேரடியாகக் கொள்ளும் இடைவினை. வளையத்தின் பை மேகம் தடிப்பதும் மெலிவதும் இரண்டாம்பட்சம். வளைய மையத்துக்கு மேலே உள்ள நிலைமின் அழுத்தத்தை எடுத்துப் பாருங்கள், போக்கு நேராக விழும்.

இப்படிப் போக்கைப் பார்ப்பதற்கு ஒரு பெரிய மதிப்பு இருக்கிறது. 1998-இல் டாகர்ட்டி குழுவினர் நிக்கோட்டினிக் அசிடைல்கோலின் ஏற்பியில் 149-ஆம் இடத்து டிரிப்டோஃபனில் ஃபுளூரின்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனார்கள். ஏற்பியைத் தூண்டத் தேவைப்படும் அசிடைல்கோலின் செறிவின் மடக்கை, வாயு நிலையில் கணக்கிட்ட கேட்டயான்–பை ஆற்றலோடு ஒரு நேர்கோட்டில் விழுந்தது. தனி எண் எதுவும் புரதத்துக்குள் அப்படியே பொருந்தாது, ஆனால் ஒரே முறையில், ஒரே வகை அமைப்பில் எடுத்த வரிசை பேசியது. அதனால்தான் நழுவிய அயனிகளைப் பட்டியலிலிருந்து பிரித்து வைக்கச் சொன்னேன்.

நீரைச் சேர்த்ததும் எல்லாம் காணாமல் போகிறது

வாயு நிலையில் 22 இருந்த சோடியம்–பென்சீன், தொடர் ஊடகத்தில் பூஜ்ஜியத்துக்கு அருகே போவது எதிர்பார்க்க வேண்டியதுதான். சோடியம் அயனியை நீர் கிட்டத்தட்ட நூறு கிலோகலோரி அளவுக்கு நிலைப்படுத்துகிறது. பென்சீனின் பக்கம் திரும்புவதற்கு அதில் ஒரு பகுதியை இழக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் மெத்தில் அம்மோனியம்–பென்சீனைச் சோதனைக்கு எடுங்கள். 2000-இல் காலிவனும் டாகர்ட்டியும் வெளியிட்ட கணக்கில் நீரில் அதன் குழி ஆழம் 5.5, மெத்தில் அம்மோனியம்–அசிட்டேட் உப்புப் பாலத்துக்கு 2.2 மட்டுமே. உங்கள் கணக்கில் உப்புப் பாலம் நீரிலும் பல மடங்கு வலுவாகவே இருந்தால் கரைப்பான் அமைப்பு வேலை செய்யவில்லை, அல்லது துண்டுகளில் ஒன்று வாயு நிலையிலேயே ஓடியிருக்கிறது. இரண்டாவதுதான் அடிக்கடி நடப்பது.

சில நீர் மூலக்கூறுகளை வெளிப்படையாக வைத்து ஓட்டுபவர்களுக்கு இன்னொரு சோதனை. ஒரு நீர் மூலக்கூறு சோடியத்தை 24 அளவில் பிடிக்கிறது, பென்சீன் 22. பொட்டாசியத்தை நீர் 18 அளவில் பிடிக்கிறது, பென்சீன் அதற்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ பிடிக்கிறது. கெபார்லே குழுவினர் 1981-இலேயே இதை அளந்துவிட்டார்கள். லிசி குழுவினரின் வாயுக்கொத்துச் சோதனைகளில் பென்சீன் நீரைத் தள்ளிவிட்டுப் பொட்டாசியத்தின் முதல் அடுக்குக்குள் புகுந்தது. சோடியத்தில் அப்படி முடியவில்லை. உங்கள் முறை இந்த இரண்டு அயனிகளின் வித்தியாசத்தைத் தலைகீழாகக் காட்டினால் புரத மாதிரிக்குள் போகாதீர்கள். பெரும்பாலும் பொட்டாசியத்தின் பேசிஸ் செட் வளையத்துக்குத் தந்ததைவிடத் தரம் குறைந்ததாக இருக்கும்.

மூலக்கூறு இயங்கியலில் அயனி வளையத்தின் மேல் தங்குவதே இல்லை

குவாண்டம் கணக்கு சரியாக இருந்து, மாறா மின்சுமை விசைப்புலத்தில் மட்டும் அயனி வளையத்தைக் கண்டுகொள்ளாமல் போனால், விசைப்புலத்தின் வடிவத்திலேயே குறை இருக்கிறது. அணுக்களின் மீது மாறாத மின்சுமையை வைத்தால் நிலைமின் பகுதி ஓரளவு வரும், தூண்டல் பகுதி வராது. கால்ட்வெல்லும் கோல்மனும் 1995-இலேயே இதைச் சொல்லிவிட்டார்கள். லென்னார்ட்–ஜோன்ஸ் எண்களை (அணுக்களின் அண்மை விலக்கலையும் டிஸ்பெர்ஷனையும் தீர்மானிப்பவை) கையால் இறுக்கி அயனியை ஒட்டவைப்பது ஒரு வழிதான், ஆனால் அப்படி இறுக்கிய அயனி நீரோடு தவறாக நடக்கத் தொடங்கும். தூண்டலுக்காகத் தூரத்தின் நான்காம் அடுக்கில் குறையும் கூடுதல் உறுப்பைச் சேர்க்கும் 12-6-4 வடிவத்தை முதலில் முயலுங்கள். அது போதவில்லை என்றால் அமீபா, ட்ரூட் போன்ற முனைவாகும் விசைப்புலங்கள் இருக்கின்றன. நேரம் அதிகம் எடுக்கும், பல வளையங்கள் ஒரே அயனியைச் சூழும் இடங்களில் அந்த நேரம் வீண்போகாது. எதை எடுத்தாலும் நீண்ட ஓட்டத்துக்கு முன் சோடியம்–பென்சீன், பொட்டாசியம்–பென்சீன், டெட்ராமெத்தில் அம்மோனியம்–பென்சீன் மூன்றையும் அந்த விசைப்புலத்தில் வாயு நிலையில் ஆற்றல் சிறுமமாக்கி, தொடக்கத்தில் தந்த எண்களோடும் தூரங்களோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.